ஒரே எண், இரு வேறு கனிமங்கள்

ஒரு முழு சார்ஜுக்கு 465 கிலோமீட்டர் என்கிறது டாடா நெக்ஸான் இ.வி. ‘லாங் ரேஞ்ச்’ மாடலின் விளம்பரத் தாள். மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.400-ன் பெரிய பேட்டரி மாடலுக்கான தாளில் இருப்பது 456. மஹிந்திரா 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. புதுப்பிக்கப்பட்ட நெக்ஸான் அதே ஆண்டு செப்டம்பரில். பேட்டரி ஒன்றில் 40.5 யூனிட், மற்றதில் 39.4 யூனிட். கிலோவாட் மணி என்று தாளில் போட்டிருப்பது நாம் இ.பி. கணக்கில் பார்க்கும் அதே யூனிட்தான். மோட்டாரின் சக்தி 106 கிலோவாட், 110 கிலோவாட். பேட்டரி வாரன்டி இரண்டுக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். 2024-ல் நடந்த பாரத் என்கேப் மோதல் சோதனைகளில் இரண்டுமே ஐந்து நட்சத்திரம் வாங்கின.

இப்படி எண்ணுக்கு எண் ஒட்டி நிற்கும் இரண்டு வண்டிகளில் எதை எடுப்பது? ஷோரூமில் திரையின் அளவையும் சன்ரூஃபையும் காட்டுவார்கள். வண்டிக்குள் தினமும் உட்காரப்போகிறவருக்கு அவையும் முக்கியம்தான். ஆனால் இந்த இரண்டு வண்டிகளைப் பிரிக்கும் பெரிய வித்தியாசம் சீட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. நெக்ஸானின் பேட்டரி இரும்பாலும் பாஸ்பேட்டாலும் ஆனது. எக்ஸ்.யூ.வி.400-ன் பேட்டரி நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் ஆகியவற்றால் ஆனது. வெளியே ஒரே அளவு மின்சாரம். உள்ளே இரு வேறு கனிமங்கள், இரு வேறு குணங்கள். வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும், ராத்திரி எவ்வளவு சார்ஜ் போடலாம், மீட்டர் காட்டும் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தக் குணம்தான்.

இரண்டுக்கும் பிறகு புதிய மாடல்கள் வந்துகொண்டிருக்கின்றன. நெக்ஸானிலேயே 2024 செப்டம்பரில் 45 யூனிட் பேட்டரி சேர்ந்தது. இருந்தாலும் இந்த ஜோடியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். பேட்டரியின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவும் வேதியியல் வேறாகவும் இருக்கும் இவ்வளவு தெளிவான ஜோடி நம் சாலைகளில் வேறு இல்லை. ஓரிரண்டு ஆண்டு ஓடிய வண்டியை வாங்க நினைப்பவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பயன்படும்.

முதலில் அந்த 465-ஐ அவிழ்த்துப் பார்ப்போம். இது சாலையில் ஓட்டி எடுத்த எண் கிடையாது. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, எந்த நொடியில் என்ன வேகம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலின்படி ஓட்டி எடுத்தது. மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவின் பழைய சோதனை முறையை நம் சாலைகளுக்காகக் கொஞ்சம் தளர்த்தியது. நகர ஓட்டத்துக்கான பகுதியில் 50 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். நெடுஞ்சாலைக்கான பகுதியில் 90. ஏ.சி. கிடையாது, மேடு கிடையாது, எதிர்க்காற்று கிடையாது.

465-ஐ 40.5-ஆல் வகுத்தால் யூனிட்டுக்குப் பதினொன்றரை கிலோமீட்டர் வருகிறது. 456-ஐ 39.4-ஆல் வகுத்தாலும் அதே பதினொன்றரைதான். ஆக, சோதனைக் கூடத்தில் இரண்டு வண்டிகளும் ஒரே சிக்கனம். 465-க்கும் 456-க்கும் இடையில் இருக்கும் ஒன்பது கிலோமீட்டரை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

சாலையில் என்ன கிடைக்கும் என்பதை நாமே கணக்குப் போட்டுவிடலாம். பள்ளி இயற்பியல் போதும். ஓடும் காரைப் பின்னால் இழுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதில் ஆகும் இழப்பு. ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள வண்டிக்கு இது சுமார் 175 நியூட்டன். வேகம் கூடினாலும் அவ்வளவாக மாறாது. இன்னொன்று காற்று. இது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இந்த அளவு எஸ்.யூ.வி.க்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தோராயமாக 225 நியூட்டன், 100-ல் 355 நியூட்டன். வேகத்தைக் கால் பங்குதான் கூட்டினோம். காற்றின் எதிர்ப்பு பாதிக்கு மேல் கூடிவிட்டது. பெட்ரோல் வண்டியிலும் இதே கதைதான். ஆனால் அங்கே எரிபொருளில் பெரும்பகுதி எஞ்சினின் சூடாகவே வீணாவதால் காற்றின் பங்கு அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. மின்சார மோட்டாரில் வீணாவது மிகக் குறைவு என்பதால், காற்று கேட்கும் விலை அப்படியே மீட்டரில் தெரிகிறது.

மோட்டாரிலும் கியரிலும் ஆகும் சிறு இழப்பையும் ஏ.சி.யையும் சேர்த்தால், 80-ல் ஒரு கிலோமீட்டருக்கு 0.15 யூனிட், 100-ல் 0.18 யூனிட். 40 யூனிட் பேட்டரி முதல் வேகத்தில் 265 கிலோமீட்டரும் இரண்டாவதில் 220 கிலோமீட்டரும் கொடுக்கும். பூஜ்யம் வரை யாரும் ஓட்ட மாட்டார்கள். நெடும்பயணத்தில் 10 சதவீதத்துக்கும் 80-க்கும் நடுவில்தான் பிழைப்பு. அது 28 யூனிட். அதாவது ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 150-லிருந்து 185 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர், விளம்பரத் தாளில் உள்ள தூரமேதான். முழு சார்ஜோடு புறப்பட்டு 80-ல் நிதானமாகப் போனாலும் வழியில் இரண்டு முறை சார்ஜ் போட இடம் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். இந்த உண்மை இரண்டு வண்டிக்கும் பொது.

ஊருக்குள் கணக்கே வேறு. மெதுவாகப் போகும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. அதனால் தாளில் உள்ள எண்ணை நெருங்கலாம். ஆனால் அங்கே ஏ.சி. முன்னுக்கு வந்துவிடுகிறது. மணிக்குச் சராசரி 25 கிலோமீட்டர் வேகத்தில் அண்ணா சாலையில் ஊரும்போது, ஒரு கிலோவாட் இழுக்கும் ஏ.சி. கிலோமீட்டருக்கு 0.04 யூனிட்டைத் தின்கிறது. நாற்கர சாலையில் 100-ல் பறக்கும்போது அதே ஏ.சி.யின் செலவு கிலோமீட்டருக்கு 0.01 யூனிட்தான். வண்டி நின்றாலும் ஏ.சி. ஓடிக்கொண்டே இருப்பதால் வரும் வித்தியாசம் இது.

இனி அந்தக் கனிமங்களுக்கு வருவோம். என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான்.

லித்தியம் பேட்டரி எதிலும் வேலை ஒன்றே. சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் நேர்முனைக் கனிமத்திலிருந்து கிளம்பி எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. கிராஃபைட் இரண்டு வண்டிக்கும் பொது. நேர்முனைதான் வேறு.

எக்ஸ்.யூ.வி.400-ல் இருப்பது என்.எம்.சி. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் அணுக்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து தகடு தகடாக அடுக்கப்பட்டிருக்கும். தகடுகளின் இடைவெளியில் லித்தியம். ஜான் குட்இனஃப் 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டறிந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடின் வாரிசு இது. நிறைய லித்தியத்தைக் குறைந்த எடையில் அடக்கிக்கொள்ளும். இதன் பலவீனம் முழு சார்ஜில் வெளிப்படும். லித்தியத்தில் பெரும்பகுதி வெளியேறிவிட்ட நிலையில் தகடுகள் தளர்ந்துபோகின்றன. அங்கே மிஞ்சும் நிக்கல், பக்கத்தில் உள்ள மின்பகு திரவத்தோடு வினைபுரியத் துடிக்கிறது. ஆக்சிஜன் மீது இருந்த பிடியும் தளர்கிறது. இந்த நிலையில் வெப்பமும் சேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் சத்தமில்லாமல் குறைகிறது. வேதிவினைகளின் வேகம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பழைய பொதுவிதி. மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ வெட்டவெளியில் வண்டி நிறுத்துபவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நெக்ஸானில் இருப்பது எல்.எஃப்.பி. என்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதன் பின்னால் உள்ள கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். இரும்பு மலிவு, விஷமில்லை, எங்கும் கிடைக்கும். பேட்டரிக்கு ஏற்ற உலோகம்தான். ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடில் போதிய வோல்ட்டேஜ் கிடைக்காது. ஆறுமுகம் மந்திரம் தென் தமிழகச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, 1980-களின் நடுவில் குட்இனஃபோடு வேலை செய்யப் போனார். வெறும் ஆக்சிஜனுக்குப் பதிலாக, கந்தகம் ஆக்சிஜனை இறுகப் பற்றியிருக்கும் சல்பேட் தொகுதியை இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று இருவரும் பார்த்தார்கள். அதே இரும்பின் வோல்ட்டேஜ் 3.6 வரை ஏறியது. கந்தகம் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துவிடுவதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு இளகுகிறது. அந்த இளக்கம் வெளியே வோல்ட்டேஜாக வருகிறது. தொலைவில் இருக்கும் ஓர் அணு, தான் வினையில் நேரடியாகக் கலந்துகொள்ளாமலேயே, பக்கத்து வீட்டு இரும்பின் ஆற்றலை மாற்றிவிடுகிறது! இந்த வழியில்தான், சல்பேட்டின் இடத்தில் பாஸ்பேட்டை வைத்து, 1997-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃபின் ஆய்வகம் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. கட்டுரையின் முதல் இரண்டு ஆசிரியர்கள் அக்ஷயா பாதியும் கே.எஸ். நஞ்சுண்டசாமியும்.

2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர் மந்திரம். நெக்ஸான் இ.வி. ஒன்று நம் தெருவில் சத்தமில்லாமல் கடந்து போகும்போது அதன் அடியில் இருப்பது, மதுரையில் வேதியியல் படித்த ஒருவர் திறக்க உதவிய கதவுக்குப் பின்னால் கிடைத்த பொருள் என்று நினைக்க எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது.

பாஸ்பேட்டின் அந்த இறுகிய பிடியால் இன்னொரு பெரிய நன்மை உண்டு. பாஸ்பரஸ் அணு நான்கு ஆக்சிஜன்களைப் பற்றிக்கொண்டிருப்பதால், சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் வெளியே வராது. உள்ளிருந்தே ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் தீ வளர்வது கடினம். சார்ஜ் ஏற்றி இறக்கும் சுற்றுகளிலும் எல்.எஃப்.பி. பொதுவாகக் கூடுதல் காலம் தாங்கும். குறை எடையில். பொதுவாக எல்.எஃப்.பி. செல் கிலோவுக்கு 160 வாட் மணியை ஒட்டியும் என்.எம்.சி. செல் 220-க்கு மேலும் சேமிக்கும். 40 யூனிட் பேட்டரிக்குச் செல்களில் மட்டும் எழுபது கிலோ வித்தியாசம். அதாவது நெக்ஸான் ஓர் ஆளைக் கூடுதலாகச் சுமந்துகொண்டே ஓடுகிறது எனலாம்.

இன்னொரு குறை விசித்திரமானது. வீட்டு காஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே திரவமும் வாயுவும் சேர்ந்து இருக்கும் வரை அழுத்தம் மாறாது. சிலிண்டர் முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் அடுப்புத் தீ ஒரே உயரம்தான். தீயைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. எல்.எஃப்.பி. செல்லிலும் இதே இயற்பியல்தான் நடக்கிறது. லித்தியம் நிறைந்த பகுதியும் லித்தியம் காலியான பகுதியும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சார்ஜ் இறங்க இறங்க அவற்றின் எல்லைதான் நகர்கிறது, வோல்ட்டேஜ் நகர்வதில்லை. 30 சதவீதத்துக்கும் 90-க்கும் இடையே ஒரு செல்லின் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு வோல்ட்கூட மாறாது. என்.எம்.சி. செல்லில் அதே இடைவெளியில் அரை வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. வோல்ட்டேஜைப் பார்த்தே மிச்சத்தைச் சொல்லிவிடலாம்.

அப்படியென்றால் நெக்ஸானின் மீட்டர் 62 சதவீதம் என்று எப்படிக் காட்டுகிறது? சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து நாள் எண்ணுகிறோமே, அதையேதான் அதுவும் செய்கிறது. உள்ளே போன மின்னோட்டம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது. சின்னச் சின்னப் பிழைகள் நாள்பட நாள்படச் சேரும். முழுதாக 100 வரை சார்ஜ் ஏற்றும்போது மட்டும் வோல்ட்டேஜ் விறுவிறுவென்று மேலே ஏறும். அப்போதுதான் கணக்கு நேராகும். தொடராக இணைந்த ஏறக்குறைய நூறு செல்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதும் அந்த உச்சியில்தான் நடக்கும். எல்.எஃப்.பி. வண்டிகளை வாரத்துக்கு ஒரு தடவையாவது மெதுவான வீட்டு சார்ஜில் 100 வரை ஏற்றச் சொல்வதன் காரணம் இதுதான். எப்போதும் 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே வைத்திருந்தால் ஒரு நாள் 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் சட்டென்று 5-க்கு விழலாம்.

என்.எம்.சி.க்கு அறிவுரை நேர் எதிர். அன்றாட ஓட்டத்துக்கு 80-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியூர் புறப்படும் முன்னிரவில் மட்டும் 100 போடுங்கள். முழு சார்ஜில் வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய்விடாதீர்கள். ஆக, தாளில் ஒரு யூனிட் குறைவாகத் தெரியும் எக்ஸ்.யூ.வி., தினசரி வாழ்க்கையில் 31, 32 யூனிட் வண்டியாகத்தான் இருக்கும். நெக்ஸானோ 40 யூனிட்டையும் கூச்சமில்லாமல் கொடுக்கும். இந்த வித்தியாசத்தை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை. என் பார்வையில் ஒப்பிட வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

நெடுஞ்சாலையில் காட்சி மாறுகிறது. 50 கிலோவாட் சார்ஜரில் எக்ஸ்.யூ.வி.400 பூஜ்யத்திலிருந்து 80 வரை ஏற 50 நிமிடம் என்று கம்பெனி சொல்கிறது. நெக்ஸான் 10-லிருந்து 80 வரை ஏற 56 நிமிடம். ஆறு நிமிடம்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் தொடக்கப் புள்ளி வேறு என்பதைக் கவனியுங்கள். முதல் வண்டிக்குள் 50 நிமிடத்தில் 31.5 யூனிட் போகிறது. சராசரி 38 கிலோவாட். இரண்டாவதற்குள் 56 நிமிடத்தில் 28 யூனிட். சராசரி 30 கிலோவாட். நிதானமான நெடுஞ்சாலை ஓட்டத்தில் ஒரு நிமிட சார்ஜுக்கு எக்ஸ்.யூ.வி. நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் சேர்த்துக்கொள்ளும், நெக்ஸான் மூன்றரைக்குக் கொஞ்சம் கீழ். இட்லி சாப்பிட்டுக் காபி குடிக்கும் அரை மணி நேரத்தில் இருபது கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் விழும். 80-க்கு மேல் இரண்டுமே மெதுவாகிவிடும். கிராஃபைட்டில் இடம் நிறைந்துகொண்டு வரும்போது அவசரப்படுத்தினால், லித்தியம் உள்ளே நுழைய முடியாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும், அது ஆபத்து. பேட்டரியின் கட்டுப்பாட்டுக் கருவி அதனால்தான் மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. வழியில் 100 வரைக்கும் காத்திருப்பது வீண்.

முறுக்கு விசை பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்.யூ.வி. 310 நியூட்டன் மீட்டர், நெக்ஸான் 215. ஒன்றரை மடங்கு. ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 8.3 நொடிக்கு எதிராக 8.9 நொடிதான். ஏன் இவ்வளவு குறைந்த வித்தியாசம்? முறுக்கு விசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் சக்தி. 310 நியூட்டன் மீட்டரோடு நிமிடத்துக்குச் சுமார் 3,400 சுற்றை எட்டும்போதே எக்ஸ்.யூ.வி. தன் 110 கிலோவாட் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் வேகம் கூடக்கூட முறுக்கு விசை இறங்கியாக வேண்டும். நெக்ஸான் 4,700 சுற்று வரை தாக்குப்பிடிக்கிறது. சிக்னலில் பச்சை விழுந்த முதல் மூன்று நொடியில் மஹிந்திரா முதுகைச் சீட்டோடு அழுத்தும். பைபாஸில் 70-லிருந்து லாரியை முந்தும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். டெஸ்ட் டிரைவில் நின்ற இடத்திலிருந்து விரட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இந்த 70-லிருந்து 100 வரையிலான ஓட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மலைப் பாதைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது வண்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர்கிறது. 1,700 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 9 யூனிட் வேண்டும். உருளும் இழப்பு தனி. பேட்டரியில் கால் பங்குக்கு மேல் ஐம்பது கிலோமீட்டரிலேயே கரைவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். ஆனால் ஊட்டியில் 100 வரை சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் பிரேக் வேலை செய்யாமல், கொண்டை ஊசி வளைவு முழுக்க வெறும் பிரேக் கட்டைகளை நம்பித்தான் இறங்க வேண்டியிருக்கும். எந்த வண்டியாக இருந்தாலும் மலை மேல் 80-ல் நிறுத்திக்கொள்வது நல்லது. நெக்ஸானில் இந்த மோட்டார் பிரேக்கின் வலுவை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் நான்கு படிகளில் மாற்றலாம். எக்ஸ்.யூ.வி.யில் அது ஓட்டும் ‘மோடு’களோடு பிணைந்திருக்கிறது. மலைக்கு முன்னதே கைக்கு எளிது.

டிக்கி பற்றிய கேள்விக்கு வேதியியலில் பதில் இல்லை. வரிச் சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோல், டீசல் கார்கள் நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரிச் சலுகை. அதனால்தான் நெக்ஸான் 3,994 மில்லிமீட்டர். எக்ஸ்.யூ.வி.400-ன் பெட்ரோல் அண்ணனான எக்ஸ்.யூ.வி.300 3,995. மின்சாரக் கார்களுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து நீளம் எதுவானாலும் ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம்தான். கத்தரி போட வேண்டிய கட்டாயம் போனதும் மஹிந்திரா வண்டியின் பின்பக்கத்தை 4,200 மில்லிமீட்டர் வரை நீட்டிவிட்டது; டிக்கி 378 லிட்டர் ஆனது. பெட்ரோல் நெக்ஸானின் உடலையே வைத்துக்கொண்ட மின்சார நெக்ஸானில் 350. அச்சுகளுக்கு இடையிலான தூரமும் மஹிந்திராவில் பத்து சென்டிமீட்டர் கூடுதல். தாத்தா, பாட்டி, இரண்டு குழந்தைகள் என்று கிளம்பும் குடும்பத்துக்கு இந்தப் பத்து சென்டிமீட்டர் கால் நீட்ட உதவும்.

நெக்ஸானின் பக்கம் ஒரு வசதி, புயல் பகுதியில் வாழும் நமக்கு மிக வேண்டியது. பேட்டரியிலிருந்து 3.3 கிலோவாட் அளவுக்கு மின்சாரத்தை வெளியே எடுக்கலாம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் கட்டும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 5 யூனிட் ஆகிறது. நிறைந்த பேட்டரி அந்த வீட்டின் விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றைக் கணக்குப்படி எட்டு நாள் தாங்கும். கஜா புயலுக்குப் பிறகு டெல்டா இருட்டில் கிடந்த நாட்களை நினைத்தால் இதன் மதிப்பு புரியும். ஆனால் வெள்ளத்தில் வண்டியை இறக்கலாம் என்று இதற்குப் பொருள் கிடையாது. இரண்டு பேட்டரிக்கும் ஐ.பி.67 சான்று உண்டு. அந்தச் சோதனை ஒரு மீட்டர் ஆழமான நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பது. சாக்கடை கலந்து இரண்டு நாள் தேங்கும் வேளச்சேரித் தண்ணீருக்கு அந்தச் சான்றில் எந்த உறுதியும் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். சாதாரண 16 ஆம்பியர் பவர் பிளக்கில் 3 கிலோவாட் வரை எடுக்கலாம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 24 யூனிட். 150 கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். பெரும்பாலோருக்கு இதுவே தாராளம். ஆனால் எட்டு மணி நேரம் இடைவிடாமல் அந்த அளவு மின்னோட்டத்தைத் தாங்கும்படி நம் பழைய வீடுகளின் பிளக்குகள் போடப்படவில்லை. “எர்த் சரியில்லைன்னா வண்டி சார்ஜே எடுக்காது சார், மொதல்ல அத பாத்துருவோம்” என்று ஓர் எலெக்ட்ரீஷியன் சொன்னது முற்றிலும் சரி. சார்ஜர் முதலில் எர்த்தைத்தான் தேடும். மீட்டர் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் பிட் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்தின் அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பழைய வண்டி பார்ப்பவர்களுக்கு அந்தத் தட்டையான வோல்ட்டேஜ் மறுபடி முக்கியமாகிறது. செல்களின் வோல்ட்டேஜைத் தனித்தனியே காட்டும் ஸ்கேனரோடு மெக்கானிக் வருவார். எக்ஸ்.யூ.வி.யில் எந்த சார்ஜில் வேண்டுமானாலும் செல்களுக்கு இடையிலான வித்தியாசம் ஓரளவு தெரிந்துவிடும். நெக்ஸானை 60 சதவீதத்தில் சோதித்தால், நலிந்த செல்லும் நல்ல செல்லும் ஒரே எண்ணைக் காட்டும். விற்பவரிடம் முந்தைய இரவே 100 வரை மெதுவாக சார்ஜ் போட்டுவைக்கச் சொல்லுங்கள். சார்ஜ் முடியும் தறுவாயில் நூறு செல்களில் எது முந்துகிறது, எது பின்தங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு 15 சதவீதம் வரை ஓட்டி மறுபடியும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நாள் ஆகும். லட்சக்கணக்கில் கொடுக்கும்போது அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு என் தேர்வைச் சொல்கிறேன். தினமும் ஊருக்குள் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டி, வெயிலில் நிறுத்தி, வீட்டில் சார்ஜ் போட்டு, சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பத்தாண்டு வைத்திருக்க விரும்புகிறவருக்கு இரும்பு பாஸ்பேட்தான், நெக்ஸான். மாதத்துக்கு நான்கைந்து தடவை குடும்பத்தோடும் மூட்டையோடும் நாற்கர சாலை ஏறுகிறவர், நிழலில் நிறுத்த இடமும் 80-ல் சார்ஜை நிறுத்தும் பழக்கமும் உள்ளவர் என்றால், எக்ஸ்.யூ.வி.400-ன் பின்சீட்டிலும் நிறுத்தங்களில் மிச்சமாகும் நிமிடங்களிலும் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். நிறுத்த இடம் மொட்டை வெயில்தான், வண்டி வாரக் கணக்கில் நிற்கும், ஆனால் ஓடினால் நெடுந்தூரம் ஓடும் என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் முடிவு கடினம். அவருக்கும் நான் இரும்பு பாஸ்பேட்டையே சொல்வேன். சாலையில் பத்து நிமிடம் கூடுதலாக நிற்பது அன்றோடு போய்விடும். முழு சார்ஜில் வெயில் குடித்து இழந்த கொள்ளளவு திரும்பி வராது.